கல்லா, நெருப்பா, கயிறா? 'கயிறே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் இரு அணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"மனிதனை நாகரிகத்தின் வாசலில் கொண்டுவந்து சேர்த்தது கல்லா, நெருப்பா, கயிறா?" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. கல் அணி நண்பர் எடுத்த எடுப்பிலேயே கென்யாவின் லொமெக்விக்குப் போனார். அங்கே கிடைத்த 33 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகளைக் காட்டி, எங்களுக்கு மூத்தவர் யார் என்று கேட்டார். நெருப்பு அணிச் சகோதரி தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகைக்கு நம்மை அழைத்துப் போய், வாசலிலிருந்து 30 மீட்டர் உள்ளே கிடந்த 10 லட்சம் ஆண்டுச் சாம்பலைக் காட்டினார். குளிரை விரட்டியதும், இறைச்சியை வேகவைத்ததும், பானையைச் சுட்டதும் நெருப்புதான் என்றார். இருவரும் போகிற போக்கில் எங்கள் அணியைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கயிற்றுக்கு ஆதாரம் எங்கே?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

நார் மட்கும். ஈரமும் காற்றும் உள்ள மண்ணில் புதைந்த கயிற்றைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும். பக்கத்திலேயே கிடக்கும் கல் 33 லட்சம் ஆண்டு அப்படியே கிடக்கும். 1836-இல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் தாம்சன் தம் அருங்காட்சியகத்துப் பொருள்களைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பிரித்து எழுதினார். அவர் கையில் இருந்தவை மட்காமல் மிஞ்சியவை. அந்தப் பிரிவினையைப் படித்து வளர்ந்த நாம், அந்தக் காலத்து மனிதர் கையில் கல் மட்டுமே இருந்ததாக நினைத்துக்கொண்டோம். நார் மிஞ்சுவதற்கு மிகச் சில வழிகள்தான் உண்டு. காற்றுப் புகாத சேற்றுக்கடியில் கிடக்க வேண்டும். மழையே காணாத குகையில் கிடக்க வேண்டும். பனிக்கட்டியில் உறைந்திருக்க வேண்டும். அல்லது வேறு ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு தப்பிக்க வேண்டும். அப்படித் தப்பிய இடங்களிலெல்லாம் பாருங்கள், கல்லோடு நாரும் மரமும் தோலும் குவியலாகக் கிடைக்கின்றன.

ஒட்டிக்கொண்டு தப்பிய ஒன்றைச் சொல்கிறேன். தென்கிழக்கு பிரான்சில் அப்ரி து மாரா என்று ஒரு பாறைப் புடவு. அங்கே வாழ்ந்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். தரைமட்டத்திலிருந்து 3 மீட்டர் ஆழத்தில், 6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கற்சில்லு கிடைத்தது. அதன் அடிப்பக்கத்தில் ஏதோ படிந்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 6.2 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன். ஒரு கயிற்றின் துண்டு! ஊசியிலை மரத்தின் உட்பட்டை நார். மூன்று புரிகள், அதாவது முறுக்கிய நார்க்கற்றைகள்; ஒவ்வொரு புரியும் ஒரே திசையில் முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து அதற்கு எதிர்த்திசையில் முறுக்கப்பட்டிருக்கின்றன. வயது 41,000 ஆண்டுகளுக்கும் 52,000 ஆண்டுகளுக்கும் இடையில். 2020-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்தச் சில்லைச் சுற்றிக் கட்டிய கயிறா, சில்லைப் போட்டு வைத்த பையின் கயிறா என்று ஆய்வாளர்கள் இரண்டு வழியும் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் கல் அணி நண்பர் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் பெருமையாகச் சொல்லும் கருவியின் முதுகிலேயே எங்கள் சாட்சி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். மொராக்கோவின் பிஸ்மூன் குகையில் துளையிட்ட சிப்பி மணிகள் கிடைத்தன. வயது 1,42,000 முதல் 1,50,000 ஆண்டுகள். துளையின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எதிலோ கோத்துத் தொங்கவிட்டு, நெடுநாள் ஆடி ஆடித் தேய்ந்த தேய்மானம் அது. கோத்த இழை போய்விட்டது, அது உரசிய தடம் மட்டும் நிற்கிறது.

கயிறு என்றால் என்ன பெரிய வித்தை, காட்டில் தொங்கும் கொடியை அறுத்துக் கட்டினால் ஆயிற்று என்று எதிரணியில் யாராவது நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது, நடுவர் அவர்களே. கொடி அதன் நீளம்தான் வரும். உலர்ந்தால் ஒடியும். மனிதன் செய்தது வேறு. அதைச் செய்கிற முறையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் கல்லையும் நெருப்பையும் விட இதற்கு ஏன் அதிக மூளை வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

மரத்தின் வெளிப்பட்டை உதவாது. அதற்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் உட்பட்டைதான் வேண்டும். லிண்டன், வில்லோ, ஓக் போன்ற மரங்களில் சாறு ஏறும் இளவேனிலில் பட்டை நீள நீளமாக உரிந்து வரும். குளிர்காலத்தில் கை வைத்தால் துண்டு துண்டாகப் பிய்யும். ஆக, கயிறு வேண்டியவனுக்கு மரமும் தெரிய வேண்டும், பருவமும் தெரிய வேண்டும். உரித்த பட்டையைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நாரையும் நாரையும் ஒட்டிவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்று கரைக்கும். அடுக்கடுக்காக நார் பிரியும். நாள் குறைந்தால் நார் விறைத்து நின்று, மடிக்கிற இடத்தில் ஒடியும். நாள் கூடினால் பசையோடு நாரும் அழுகி, இழுத்த கையோடு வரும். எப்போது எடுப்பது என்பதைக் கையால் தொட்டுத்தான் சொல்ல முடியும்.

இனித் திரிப்பது. ஒரு பிடி நாரை லேசாக ஈரப்படுத்தி மடிக்க வேண்டும். சரிபாதியில் மடிக்கக் கூடாது. அப்படி மடித்தால் இரண்டு முனையும் ஒரே இடத்தில் தீரும், புது நாரை இரண்டிலும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டிவரும், கயிறு அந்த இடத்தில்தான் அறும். ஆகவே மூன்றில் ஒரு பங்கில் மடிப்பார்கள். மடிப்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் புரியை உடம்பை விட்டு வெளிப்புறமாக முறுக்க வேண்டும். முறுக்கிய புரியை உடம்பை நோக்கிக் கொண்டுவந்து கீழ்ப் புரியின் மேல் போட வேண்டும். இப்போது கீழே இருந்தது மேலே வந்திருக்கும். அதை முறுக்கி, கொண்டுவந்து போட வேண்டும். மறுபடி முறுக்கு, மறுபடி போடு. ஒரு புரி மெலியத் தொடங்கியதுமே, அது தீரும் வரை காத்திராமல், நாலு விரற்கடைக்குப் புது நாரை உள்ளே விட்டுச் சேர்த்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

இதில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது. புரிகள் சேர்ந்த முறுக்கோ எதிர்த்திசையில் அவிழப் பார்க்கிறது. ஒன்று அவிழ முயல்வதே மற்றதை இறுக்குகிறது. முடிச்சு இல்லை, பசை இல்லை. இரண்டு எதிர் முறுக்குகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. இழுக்க இழுக்க நார்கள் உள்ளே நெருங்கும், நெருங்க நெருங்க உராய்வு கூடும். ஒரு முழம்கூட இல்லாத நார்கள் சேர்ந்து நூறு முழக் கயிறாவது இந்த உராய்வினால்தான்.

கெட்டுப்போகும் வழிகளும் பல. இரண்டு புரிகளையும் ஒரே திசையில் முறுக்கி, சேர்ப்பதையும் அதே திசையில் செய்தால், கையை விட்டதும் மொத்தமும் பிரிந்துவிடும். ஒரு புரி தடித்து மற்றது மெலிந்திருந்தால், மெலிந்தது தடித்ததைச் சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும். பாரம் முழுவதையும் தடித்தது ஒன்றே தாங்கும். முறுக்குக் குறைந்தால் நார் வழுக்கி வெளியே வரும். முறுக்கு மிஞ்சினால் கயிறு சுருண்டு கொண்டை போட்டுக்கொள்ளும், நார் உள்ளுக்குள்ளேயே முறியும். அந்த அரை மில்லிமீட்டர் துண்டைத் திரித்த நியாண்டர்தால் மனிதருக்கு இது அத்தனையும் தெரிந்திருந்தது.

இப்போது கல்லுக்கு வருகிறேன். கல்லில் செய்யும் வேலை கழிக்கும் வேலை. பெரியதிலிருந்து தட்டித் தட்டிச் சிறியதாக்கலாம். ஒரு சில்லு தவறித் தெறித்தால் போனது போனதுதான், திரும்பச் சேர்க்க வழியில்லை. கயிறு கூட்டும் வேலை. ஒன்றுக்கும் உதவாத சிறு நார்கள் பலவற்றைச் சேர்த்து, தனித்தனியே எதற்கும் இல்லாத வலிமையை உண்டாக்குவது. நாகரிகம் என்று நாம் பின்னால் பெயர் வைத்த எல்லாமே கூட்டும் வேலைகள். அந்தப் பாடத்தை மனிதனுக்கு முதலில் கற்றுக் கொடுத்த பொருள் கயிறு என்பது எங்கள் அணியின் வாதம்.

கல்லை உடைப்பது மனிதனுக்கு மட்டுமே கைவந்த கலையும் அல்ல. பிரேசிலின் செர்ரா டா கப்பிவாராவில் கப்புச்சின் குரங்குகள் கல்லால் கல்லைத் தட்டுகின்றன. ஆதி மனிதரின் சில்லுகளைப் போன்ற கூரிய சில்லுகள் தெறித்து விழுகின்றன என்பதை 2016-இல் எழுதினார்கள். குரங்குகள் அந்தச் சில்லுகளைக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் சில்லு தெறிப்பதற்கு மனித மூளை கட்டாயம் இல்லை என்பது அங்கே தெரிந்துவிட்டது. தூக்கணாங்குருவி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். புல்லைக் கிழிக்கிறது, நுழைத்து இழுக்கிறது, முடிச்சும் போடுகிறது. அருமையான கைவேலை. ஆனால் இரண்டு இழைகளை எதிர்த்திசைகளில் முறுக்கி நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதை அது செய்வதில்லை.

கல்முனை வைத்த ஈட்டி என்றார் நண்பர். முனையைக் கோலோடு எது சேர்த்தது? கீல், அதாவது மரப்பட்டையைச் சூடாக்கி எடுக்கும் கறுப்புப் பசை, என்று நெருப்பு அணி உரிமை கொண்டாடும். உண்மைதான், இத்தாலியின் காம்பிதெல்லோவில் பிர்ச் மரக் கீல் பூசிய கற்சில்லு சுமார் 2 லட்சம் ஆண்டுப் பழமையானது. அந்தக் கீல் நெருப்பு கொடுத்த கொடை, நான் மறுக்கவில்லை. ஆனால் குத்தும்போது என்ன ஆகிறது என்று யோசியுங்கள். முனையில் விழும் அடி முனையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அது பிளந்த கோலின் நடுவே ஆப்பு மாதிரி இறங்கி, கோலையே இரண்டாகப் பிளக்கப் பார்க்கும். குளிரில் கீல் இறுகி வெடிக்கும். கோலைச் சுற்றி இறுகக் கட்டினால்தான் அந்தப் பிளவு நிற்கும். அதற்கு விலங்கின் தசைநாரை ஈரத்தோடு சுற்றுவார்கள். உலர உலர அது சுருங்கித் தானாகவே இறுக்கும். கீல் முனையை அசையாமல் பிடிக்கும், கட்டு கோலைப் பிளக்காமல் காக்கும். இரண்டும் வேண்டும்.

நெருப்பு அணிச் சகோதரிக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் வாதம் வலுவானது. குளிரை நெருப்பு வென்றது என்றார். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வரை வென்றது. வேட்டைக்குப் போகிறவன் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு போக முடியாது. உடம்போடு ஒட்டித் தைத்த தோலுடைதான் அவனோடு போகும். தைப்பதற்கு ஊசி வேண்டும், ஊசிக்கு நூல் வேண்டும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் பறவை எலும்பில் செய்த 7 சென்டிமீட்டர் ஊசி ஒன்று கிடைத்தது. வயது சுமார் 50,000 ஆண்டு. அதற்குக் காது இருக்கிறது. காது குத்திய ஊசியைச் செய்தவன் கையில் நூல் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையா? இன்னும் வடக்கே, துருவ வட்டத்தையும் தாண்டி, யானா ஆற்றங்கரையில் சுமார் 32,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கேயும் காதுள்ள ஊசிகள் உண்டு. அந்தக் குளிரில் தைக்காத தோலைப் போர்த்திக்கொண்டு ஒரு குளிர்காலம் தாண்ட முடியாது. இடுக்கு வழியாகக் காற்று புகும்.

நெருப்பை உண்டாக்குவதைப் பாருங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே கோலை உருட்டித் தீக்கடையலாம், அதற்குக் கயிறு வேண்டாம். ஆனால் கை கீழே இறங்கிக்கொண்டே வரும். மேலே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு தணியும். வில்லில் கட்டிய கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால், ஒரு கை மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும், மறு கை நிற்காமல் கடையும். உள்ளங்கை கொப்புளிக்காது, சூடும் விட்டுப்போகாது. அங்கே பாரத்தைச் சுமக்கிற பொருள் அந்தக் கயிறு. புரி சரியில்லை என்றால் கோலில் வழுக்கும், அல்லது தேய்ந்து அறும்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து வெளிவந்த ஓட்சி என்ற மனிதரை எல்லோரும் அறிவீர்கள். 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பனியில் உறைந்ததால் அவரோடு அவர் நாரும் பிழைத்தது. அவருடைய உடைமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். காலணிக்குள் லிண்டன் மரநாரில் பின்னிய வலை. குளிருக்கு அடைத்த வைக்கோலை அது பிடித்து நிறுத்தியது. கத்தி உறை லிண்டன் நார்ப் பின்னல். செம்புக் கோடரியின் அலகு யூ மரப் பிடியில் கீலிட்டுத் தோல் வாரால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அம்பறாத்தூணிக்குள் ஒரு கயிறு, வில்லுக்கு நாணாக வைத்திருந்தது என்று கருதுகிறார்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு சிறு பெட்டி. பிர்ச் பட்டையில் செய்த உருளை. உள்ளே மேப்பிள் இலைகளில் பொதிந்த கரித்துண்டுகள். கங்கை அணையாமல் சுமந்துகொண்டு மலையேறுவதற்காகச் செய்தது. அந்தப் பட்டையை வளைத்து எதனால் தைத்திருக்கிறார்கள் தெரியுமா? லிண்டன் நாரால். சகோதரி அவர்களே, உங்கள் நெருப்பு அந்த மலையை ஏறியது எங்கள் தையலில் உட்கார்ந்துதான்.

பானையைச் சொன்னார். செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயிலும் பக்கத்து பாவ்லோவிலும் 26,000 ஆண்டுகள் பழைய சுட்ட களிமண் துண்டுகள் கிடைத்தன. நெருப்பின் வெற்றி என்று அதைக் கொண்டாடுகிறோம். தொல்லியல் ஆய்வாளர்கள் ஓல்கா சோஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் அந்தத் துண்டுகளின் பரப்பைக் கவனித்துப் பார்த்தார்கள். ஈர மண்ணில் பதிந்த தடங்கள்: திரித்த கயிறு, முடிச்சிட்ட வலை, நெய்த துணி. சுட்ட மண் கயிற்றுக்குச் சாட்சி சொல்கிறது. ஜப்பானின் ஜோமோன் காலப் பானைகளில் கயிற்றை உருட்டிப் பதித்த அலங்காரம் உடம்பெங்கும் ஓடுகிறது. அந்தத் தடத்தைப் பார்த்தே கயிறு எந்தத் திசையில் முறுக்கப்பட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியும். பானைக்கு முன்பு சேமிப்பு எதில் நடந்தது? சாக்கடல் பக்கத்து நஹல் ஹேமார் குகையில், மட்பாண்டம் வராத புதிய கற்காலத்துக் கூடைகள் கிடைத்திருக்கின்றன. கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்கி, தண்ணீர் கசியாமல் மேலே நிலக்கீல் பூசியவை.

ஆள்பலம் பற்றி ஒரு வார்த்தை. ஈட்டி வலுத்த கைக்கு வேலை கொடுக்கும். வலை எல்லாக் கைக்கும் வேலை கொடுக்கும். நார் ஊறவைக்க, திரிக்க, முடிச்சிட முதியவர் போதும், சிறுவர் போதும். 1913-இல் ஃபின்லாந்து, ரஷ்ய எல்லையை ஒட்டிய கரேலியாவில் ஆன்ட்ரியா என்ற ஊர்ப்பக்கம் ஒரு புல்வெளியில் வாய்க்கால் வெட்டும்போது, சேற்றுக்கடியிலிருந்து ஒரு மீன்வலை வந்தது. வில்லோ நாரில் பின்னியது. ஏறக்குறைய 10,500 ஆண்டுப் பழமை. நீளம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டருக்குள், கண் 6 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாயிரம் முடிச்சு அளவில் வரும். அத்தனை முடிச்சும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒரு கண் பெரிதானால் மீன் அந்த வழியாகப் போகும். ஒரு முடிச்சு நழுவினால் பக்கத்துக் கண்கள் சேர்ந்து விரியும். நிச்சயம் ஒரு மாலைப் பொழுதில் முடிந்த வேலை அல்ல அது. குளிர்காலத்தில் திரித்து, இளவேனிலில் மீன் பிடிக்கலாம் என்று மாதக்கணக்கில் முன்கூட்டி எண்ணி உழைப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதற்கு வேண்டிய பொறுமை இதே பொறுமைதான்.

கூட்டு வேலைக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015-இல் மாமத யானைத் தந்தத்தில் செய்த ஒரு பட்டை கிடைத்தது. நீளம் 20.4 சென்டிமீட்டர், வயது சுமார் 40,000 ஆண்டு. வரிசையாக நான்கு துளைகள். ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் சுருள் சுருளாக வெட்டிய பள்ளங்கள். அதே மாதிரி ஒன்றைச் செய்து சோதித்தார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு புரி நாரை விட்டு, ஆளுக்கு ஒரு புரியாக முறுக்கிக்கொண்டே ஊட்ட, ஒருவர் முன்னால் நின்று சேர்ந்த கயிற்றை முறுக்கி இழுக்க வேண்டும். சுருள் பள்ளம் நாரை வழிநடத்துகிறது. துளைகளின் இடைவெளி புரிகளைச் சம தடிமனில் வைக்கிறது. சம்பு நாரை வைத்து நான்கைந்து பேர் 10 நிமிடத்தில் 5 மீட்டர் கயிறு திரித்தார்கள். ஐந்து பேர் ஒரே வேகத்தில், ஒரே தாளத்தில், ஒரே பொருளைச் செய்வதற்கென்று ஒரு கருவி! ஒருவன் பிந்தினால் அந்தப் புரி தொய்யும், கயிறு மேடும் பள்ளமுமாக வரும். தனி ஒருவனின் கைக்கருவியாக இதை எண்ணிப் பார்க்கவே முடியாது.

வாசல் வரை வந்துவிட்டோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். எகிப்தின் டெய்ர் எல் பெர்ஷாவில் ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம், கி.மு. 1900 அளவில் வரைந்தது. பிரம்மாண்டமான கற்சிலை ஒன்று சறுக்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் 172 ஆட்கள் நான்கு கயிறுகளைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் சறுக்கின் முன்னே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சிலையின் எடை 58 டன் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கல் அணியின் பெருமையெல்லாம் அந்தச் சிலையில் இருக்கட்டும். 172 பேருடைய தோள்வலிமை அந்தச் சிலைக்கு எதன் வழியாகப் போய்ச் சேர்ந்தது? ஒரு கல்லை 172 பேர் கையால் தொட்டுத் தள்ள இடமே கிடையாது. பலபேர் பலத்தை ஒரு புள்ளிக்குக் கொண்டுபோகிற ஒரே வழி கயிறு. சறுக்கில் சிலையைக் கட்டியிருக்கும் கட்டும் அந்த ஓவியத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அதே எகிப்தில் வெள்ளம் வடிந்ததும் வயலை அளந்தவர்கள் கயிற்றால் அளந்தார்கள். நூறு முழக் கயிறு, அதாவது ஏறக்குறைய 52 மீட்டர். தேபஸில் மென்னா என்பவரின் கல்லறை ஓவியத்தில், முடிச்சிட்ட கயிற்றைப் பிடித்து விளைந்த வயலை அளக்கும் காட்சியை இன்றும் பார்க்கலாம். அளவு இல்லாமல் வரி இல்லை, வரி இல்லாமல் அரசு இல்லை. கூஃபு மன்னரின் பிரமிடு அருகே 1954-இல் கிடைத்த கப்பல் 43 மீட்டருக்கும் மேல் நீளம், 1,224 துண்டுகள். தேவதாருப் பலகைகளைப் புல்கயிற்றால் தைத்திருக்கிறார்கள். துளைகள் பலகையின் உட்புறமாகவே வளைந்து திரும்புவதால் வெளிப்பக்கம் ஓட்டையே தெரியாது. நனைந்ததும் பலகை உப்பும், கயிறு சுருங்கும், இணைப்பு இன்னும் இறுகும்.

கடைசியாக அமெரிக்கக் கண்டத்துக்கு வருகிறேன். இன்கா பேரரசில் வண்டிச் சக்கரம் கிடையாது, இரும்பு கிடையாது, நாம் அறிந்த வகை எழுத்தும் கிடையாது. கணக்கை எதில் வைத்தார்கள்? கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில். ஒற்றை முடிச்சுகள் பத்து, நூறு என்ற இடங்களுக்கு. பல சுற்றுச் சுற்றிய நீள முடிச்சு ஒன்றாம் இடத்துக்கு. முடிச்சே இல்லாத வெற்றிடம் பூச்சியத்துக்கு. லேலண்ட் லாக் 1912-இல் இந்தப் பதின்ம முறையை விளக்கினார். மலை இடுக்குகளை எதனால் கடந்தார்கள்? புல்கயிற்றுப் பாலங்களால். பெருவின் அபூரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாகா பாலம் ஆண்டுதோறும் ஜூனில் புதிதாகக் கட்டப்படுகிறது; யுனெஸ்கோ 2013-இல் அதை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீளம் 28 மீட்டர் அளவில். ஒவ்வொரு குடும்பமும் புல்லை நனைத்து, தட்டி, மெல்லிய கயிறாகத் திரித்துக் கொண்டுவரும். பல மெல்லிய கயிறுகளைச் சேர்த்து முறுக்கிப் பெருங்கயிறு செய்வார்கள்; பெருங்கயிறுகள் மூன்றைப் பின்னி வடம் செய்வார்கள். தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. நான்கு ஊர்கள் கூடி மூன்றே நாளில் முடிப்பார்கள். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விடுவார்கள். அடுத்த ஜூன் வந்தால் மறுபடி முதலிலிருந்து. கயிறு மட்கும் என்ற குறையையே வைத்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் வேலையைக் கற்றுக் கொடுக்கும் ஏற்பாடாக அதை மாற்றிவிட்டார்கள்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. எதிரணி நண்பர்கள் இருவருக்கும் ஒரே கேள்வி. குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் ஆஸ்திரேலியாவில் கால் வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கடல்மட்டம் தாழ்ந்திருந்தது, ஆனாலும் தரைவழி கிடையாது. எந்தப் பக்கமாகப் போனாலும் ஒரு கடப்பாவது பல பத்து கிலோமீட்டர் திறந்த கடல். மிதக்கும் மரத்தைக் கல்லால் வெட்டலாம், நெருப்பால் குடையலாம். ஒருவர் இருவர் போய்ச் சேர்ந்தால் ஒரு மக்கள் கூட்டம் உருவாகாது. ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பலர், தண்ணீரோடும் உணவோடும் போயிருக்க வேண்டும். அவர்களைச் சுமந்த மிதவையின் மரங்களை, அலைக்கு நடுவில், நாள்கணக்கில் பிரியாமல் பிடித்துக்கொண்டிருந்தது எது? கல் அணி முதலில் சொல்லட்டும், அடுத்து நெருப்பு அணி சொல்லட்டும், கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்கட்டும். நன்றி, வணக்கம்.